ஒரு மணி நேரம், பதினைந்து இசைத்தட்டு: பழைய அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு ரேடியோ நிகழ்ச்சி செய்வது எப்படி

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். பத்து அங்குல 78 தட்டின் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டு) ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் நிலைய அறிவிப்பு அது இது போக உங்கள் கைக்கு வருவது 58 நிமிடம். பதினைந்து பாட்டு போட்டால் 45 நிமிடம் போய்விடும். மிச்சம் 13 நிமிடம், அதாவது பாட்டுக்கு ஐம்பது விநாடிப் பேச்சு. அந்த ஐம்பது விநாடியில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

நான் வட கரோலினாவில் ஒரு சின்ன கம்யூனிட்டி ரேடியோவில் வாரம் ஒரு மணி நேரம் இதைச் செய்கிறேன். சம்பளம் கிடையாது. பகலில் கணினி வேலை, பாஞ்சோ (தோல் போர்த்திய, கிடார் மாதிரி தந்தி வாத்தியம்) வாசிக்கத் தெரியாது, ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) பக்கமே போனதில்லை. முதல் வாரம் பாட்டை விட நான் பேசியதுதான் அதிகம். வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டபோது எனக்கே நிறுத்திவிடலாமா என்று இருந்தது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எல்லையைப் போடுங்கள், ஆனால் எந்தக் கோடு யார் போட்டது என்று பாருங்கள்

"பழைய இசை" என்று மட்டும் வைத்துக்கொண்டால் எல்லாமே உள்ளே வந்துவிடும். நான் 1922 முதல் 1942 வரை என்று வைத்திருக்கிறேன், இதற்குக் காரணம் உண்டு. 1922 ஜூன் 30, ஜூலை 1 ஆகிய இரண்டு நாளில் டெக்சாஸ் ஃபிடில் கலைஞர் எக் ராபர்ட்சன் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக வாசித்தார். மறு வருடம் ஜூனில் அட்லாண்டாவில் ஓகே கம்பெனியின் ரால்ஃப் பியர் ஃபிடிலின் ஜான் கார்சனைப் பதிவு செய்தார். கார்சனின் பாட்டு பியருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அட்லாண்டா வியாபாரி போல்க் பிராக்மன் 500 தட்டு கேட்டார், அது பறந்துவிட்டது. நாட்டுப்புறத்து ஆளுக்கும் தட்டு வாங்கக் காசு இருக்கிறது என்று கம்பெனிகளுக்குப் புரிந்தது அங்கேதான்.

முடிவு 1942. அந்த ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. போதாததற்கு அரக்குத் தட்டுப்பாடு வேறு. 78 தட்டில் இருக்கும் அந்தப் பளபளப்பு அரக்குதான், அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது, போர் வந்ததும் வரத்து சுருங்கிவிட்டது. போர் முடிந்தபின் 1945 கடைசியில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு பில் மன்றோவின் குழுவில் சேர்கிறார். அங்கிருந்து ப்ளூகிராஸ் என்ற புதுப் பாணி. அதுவும் அருமையான இசைதான், ஆனால் அதற்கு வேறு நிகழ்ச்சி வையுங்கள்.

கால எல்லை சரி. இன்னொரு கோடு இருக்கிறது, அதை அழித்துவிடச் சொல்வேன். 1920களில் கம்பெனிகள் வெள்ளையருக்கு ஒரு கேட்டலாக், கறுப்பருக்கு ஒரு கேட்டலாக் என்று பிரித்து விற்றன. கொலம்பியாவில் 15000-டி வரிசை வெள்ளைக் கிராமத்துக்கு, 14000-டி வரிசை கறுப்பருக்கு. முதலாவதற்கு "ஹில்பில்லி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, இரண்டாவதை "ரேஸ்" தட்டு என்றார்கள். இது விற்பனைக்காகப் போட்ட கோடு, வாசித்தவர்கள் போட்டதல்ல. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம். கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவுக்காக ஏ.பி. கார்ட்டர் மலை மலையாக அலைந்து பாட்டு சேகரித்தபோது கூடவே போய் மெட்டை மனதில் வாங்கிவந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பு கிடார் கலைஞர். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற கறுப்புப் பாடகரை ஓகே கம்பெனிக்குச் சொல்லி அனுப்பியது பக்கத்து ஊர் வெள்ளை ஃபிடில்காரர் வில்லி நார்மர். கேட்டலாக் வரிசைப்படி நிகழ்ச்சி செய்தால் நூறு வருடத்துக்கு முன்னால் சொன்ன பொய்யை நாமும் திரும்பச் சொன்னதாகிவிடும்.

படி 2: ஒரு மாதம் காதைப் பழக்குங்கள்

மைக் முன்னால் உட்காரும் முன் இதைச் செய்யாதவர்கள் இரண்டாம் மாதமே சரக்குத் தீர்ந்து நிற்பார்கள். முதலில் இரண்டு வகை ஒலியைப் பிரித்தறியப் பழகுங்கள். 1925க்கு முன் மைக் கிடையாது. பெரிய தகரக் குழலுக்கு முன் நின்று கத்திப் பாட வேண்டும், அந்த அதிர்வே ஊசியை நகர்த்தி மெழுகில் கீறும். கார்சனின் தட்டு அப்படிப் பதிவானது, அதனால்தான் பக்கத்து வீட்டு அறைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. 1925க்குப் பின் மின்சாரப் பதிவு. திடீரென்று மூச்சு கேட்கும், கால் தரையைத் தட்டுவது கேட்கும்.

அப்புறம் ஆட்கள். மேபெல் கார்ட்டரின் கிடாரைத் தனியாகக் கேளுங்கள். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மெட்டை எடுக்கும், மற்ற விரல் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் போடும், ஒரே ஆள் இருவர் வேலையைச் செய்வார். வர்ஜினியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி டாக் பாக்ஸ் 1927ல் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள். வெள்ளைக்காரர், ஆனால் பாஞ்சோவில் கறுப்பரின் ப்ளூஸ் இசை. துணி மில்லில் வேலை பார்த்த சார்லி பூல், பார்வையற்ற கிடார்காரர் ரைலி பக்கெட் இருந்த ஸ்கில்லெட் லிக்கர்ஸ் குழு. கிளாரன்ஸ் ஆஷ்லி 1929ல் டென்னசியின் ஜான்சன் சிட்டியில் குயிலைப் பற்றிப் பாடிய அந்தப் பாட்டை மட்டும் பத்து தடவை கேளுங்கள். அதில் பாஞ்சோவின் தந்திகளை ஸ, ப, ம என்றுதான் சுருதி சேர்த்திருப்பார், திறந்த தந்தியில் காந்தாரமே கிடையாது. மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் அந்த உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும், இங்கே உள்ளூர்க்காரர்களுக்கு விளக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

(நம்மூர் வயலினுக்கும் இந்த ஃபிடிலுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் 'வந்தே மீனாக்ஷி' ஓர் ஐரிஷ் நடன மெட்டு. அதே மாதிரி மெட்டுகள் இன்னொரு கப்பலில் ஏறி அமெரிக்க மலைகளுக்கும் போயின.)

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஹாரி ஸ்மித் 1952ல் தொகுத்து ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்ட 84 பதிவுகள் போதும். அவர் குறிப்புகளில் பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று எங்கும் எழுதவில்லை. ஜான் ஹர்ட்டை வெள்ளைக்காரர் என்றே பலர் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேலே சொன்ன கோட்டை அழிக்கும் வேலையை அவர் ஒரு வார்த்தை பேசாமல் செய்தார்.

படி 3: ஒரு மணி நேரத்துக்கு ஒரே கரு

பிடித்த பாட்டையெல்லாம் வரிசையாகப் போட்டால் அது யாருடைய ஃபோனிலும் இருக்கும் பட்டியல். ரேடியோவுக்கு ஒரு கயிறு வேண்டும், பாட்டெல்லாம் அதில் கோர்க்கப்பட வேண்டும். கொலைப் பாட்டு, வெள்ளம், சிறை, கோழி (சிரிக்காதீர்கள், கோழிப் பாட்டே ஒரு மணி நேரத்துக்குத் தேறும்), தேவாலயப் பாட்டு, 1927 கோடையில் பிரிஸ்டல் என்ற ஒரே ஊரில் பதிவானவை, இப்படி.

எனக்கு இன்றுவரை மிகவும் கைகொடுத்தது ரயில். அதை எப்படிக் கட்டினேன் என்று சொல்கிறேன்.

முதலில் விபத்து. 1903 செப்டம்பர் 27 அன்று, தாமதமாகிவிட்ட தபால் ரயில் ஒன்று நேரத்தைப் பிடிக்க வேகமெடுத்து, வர்ஜினியாவின் டான்வில் அருகே மரப்பாலத்திலிருந்து கவிழ்ந்தது. 11 பேர் செத்தார்கள். அதைப் பற்றிய பாட்டை மில் தொழிலாளி ஹென்றி விட்டர் 1923 டிசம்பரில் தகரக்குழல் முன் பாடினார். 1924ல் வெர்னன் டால்ஹார்ட் பாடியது, மறுபக்கத்தில் ஒரு சிறைக்கைதி பாட்டோடு, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இரண்டையும் ஒரு நிமிட அளவில் ஒட்டிப் போட்டால் மில் தொழிலாளியின் குரலுக்கும் நியூயார்க் ஸ்டூடியோவில் பழகிய குரலுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

அடுத்து டிஃபோர்டு பெய்லி. 1927ல் பதிவானது, மவுத் ஆர்கன் மட்டும், குரல் கிடையாது. பான்-அமெரிக்கன் என்ற ரயில் தூரத்தில் வந்து, மணியடித்து, கடந்து போவது மூன்று நிமிடத்தில் முழுசாகக் கேட்கும். நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியின் நட்சத்திரங்களில் ஒருவராக இருந்த கறுப்புக் கலைஞர் இவர். 1941ல் அவரை நிறுத்திவிட்டார்கள், அதன்பின் செருப்புப் பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 2005ல்தான் கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் பெயர் ஏறியது. இதை நான் பாட்டுக்கு முன்னால் சொல்ல மாட்டேன், பின்னால்தான். ரயில் போகட்டும் முதலில்.

அப்புறம் ஜிம்மி ராஜர்ஸ். ரயிலில் பிரேக்மேன் வேலை பார்த்தவர், காசநோய் வந்து வேலை போய், 35 வயதில் 1933ல் செத்துப்போனார். கார்ட்டர் குடும்பம் 1929ல் பாடிய இன்னொரு விபத்துப் பாட்டு. மெம்ஃபிஸில் ஃபரி லூயிஸ் 1928ல் தட்டின் இரண்டு பக்கத்துக்கும் நீட்டிப் பாடிய, கேசி ஜோன்ஸ் என்ற ரயில் ஓட்டுநரின் பாட்டு.

நடுவில் ஜான் ஹென்றி. இதுதான் அந்த மணி நேரத்தின் இதயம். சுரங்கப்பாதை தோண்டும் இயந்திரத்தோடு சம்மட்டியால் போட்டி போட்டு ஜெயித்து உயிரை விட்ட தொழிலாளி. 1927ல் மேற்கு வர்ஜினியாவின் வில்லியம்சன் பிரதர்ஸ் அண்ட் கரி என்ற வெள்ளைக் குழு அதைத் தலைதெறிக்கப் பாடினார்கள், சம்மட்டி கையிலேயே சாவேன் என்று. 1928 டிசம்பரில் ஜான் ஹர்ட் அதே கதையை எடுத்துக்கொண்டு, மடியில் குழந்தை தூங்குவதுபோன்ற குரலில், நேர் எதிராகப் பாடுகிறார்: ஜான் ஹென்றியைக் கொன்ற இந்தச் சம்மட்டி என்னைக் கொல்லாது, நான் கிளம்புகிறேன் என்று. இரண்டையும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு சொல் கூடப் பேசாமல் போடுங்கள். நான் அப்படிப் போட்ட இரவு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் நிலையத்துக்கு ஃபோன் செய்து இருபது நிமிடம் பேசினார். அவர் ஹர்ட் கட்சி.

படி 4: தட்டை எடுப்பதும் சுத்தம் செய்வதும்

காங்கிரஸ் நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவின் 78 தொகுப்பு, நல்ல கம்பெனிகளின் மறுவெளியீட்டு சிடிக்கள் எல்லாம் இருக்கின்றன. மறுவெளியீடு கிடைத்தால் அதையே எடுங்கள், நல்ல தட்டு தேடிப்பிடித்து ஒலி மாற்றத் தெரிந்தவர்கள் செய்தது.

சொந்தத் தட்டிலிருந்து எடுப்பதானால் மூன்று விஷயம். ஒன்று, எல்பி ஊசியை வைக்காதீர்கள். 78ன் பள்ளம் அகலம், சுமார் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும், எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும். இரண்டு, ஸ்டீரியோவில் எடுத்து, இரண்டு பக்கத்தையும் மோனோவாகச் சேர்த்துவிடுங்கள், பள்ளத்தின் மேலும் கீழுமான இரைச்சல் கணிசமாக அடங்கும். மூன்று, வேகம். 78 என்று பெயர்தான், பழைய தட்டுகள் பல 80 அல்லது வேறு வேகத்தில் பதிவானவை. குரல் கார்ட்டூன் மாதிரி இருந்தால் வேகம் அதிகம். சுருதியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், ஃபிடில்காரர்கள் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கிச் சுருதி சேர்ப்பார்கள். உங்களிடம் 78 ஓடும் டர்ன்டேபிளே இல்லையா? 45ல் ஓட்டிப் பதிவு செய்து மென்பொருளில் 1.739 மடங்கு வேகம் கூட்டினால் போதும், அவசரத்துக்கு ஆகும். இப்போதைய ப்ரீ-ஆம்ப்களில் (ஊசியின் ஒலியைப் பெருக்கும் கருவி) இருக்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பாஸ்-ட்ரெபிள் அளவுமுறை 1950களில் வந்தது, அதனால் அந்தக் காலத் தட்டுக்குப் பொருந்தாது, பாஸையும் ட்ரெபிளையும் காதால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்யும்போது "டிக் டிக்" சத்தத்தை மட்டும் எடுங்கள். பின்னால் ஓடும் அந்த "ஸ்ஸ்ஸ்" இருந்துவிட்டுப் போகட்டும். அதைத் துடைக்கப் போனால் ஃபிடிலின் உயிரும் சேர்ந்து போய், கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஆகிவிடும். ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து நாசம் செய்தேன். நேயர் காது அரை நிமிடத்தில் இரைச்சலை மறந்துவிடும், நம்புங்கள்.

படி 5: விவரம் சரிபாருங்கள்

யார், எங்கே, என்றைக்கு. சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒலிப்பதிவு அட்டவணை இணையத்தில் இலவசம். தட்டு எண்ணைப் போட்டால் நாளும் ஊரும் வந்துவிடும். டோனி ரஸ்ஸலின் 1921–1942 கன்ட்ரி பதிவுப் பட்டியல் நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள், தலையணை மாதிரி கனம்.

ஆவணத்தையும் கதையையும் கலக்காதீர்கள். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டலின் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில், பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டிடத்தில், 1, 2 தேதிகளில் கார்ட்டர் குடும்பமும் 4ஆம் தேதி ஜிம்மி ராஜர்ஸும் பதிவு செய்தார்கள் என்பது ஆவணம். "இதுவரை கிராண்ட் ஆப்பரா கேட்டீர்கள், இனி கிராண்ட் ஓல் ஆப்ரி" என்று அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே 1927 டிசம்பரில் போகிற போக்கில் சொன்னதில்தான் டபிள்யூ.எஸ்.எம். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர் பிறந்தது என்பது நிகழ்ச்சிக்காரர்களே திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. கதையையும் தாராளமாகச் சொல்லலாம், "சொல்வார்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு.

படி 6: பேச்சை எழுதுங்கள், அப்புறம் பாதியை வெட்டுங்கள்

ஐம்பது விநாடி என்றால் தட்டச்சில் ஏழெட்டு வரி. அதில் ஒரு ஆள், ஒரு இடம், கேட்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு சத்தம், இவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு வேண்டாம். ஜான் ஹர்ட் பாட்டு ஒன்றுக்கு நான் வைத்திருந்தது கிட்டத்தட்ட இப்படி: "1928ல் மிசிசிப்பி விவசாயி ஒருவர் நியூயார்க்கில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து தன் ஊரை நினைத்துப் பாடினார், ஊரின் பெயர் ஆவலான். தட்டு விற்கவில்லை, அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். முப்பத்தைந்து வருடம் கழித்து ஒருவர் அந்தப் பாட்டைக் கேட்டு, வரைபடத்தில் ஆவலானைத் தேடிப் போனார். ஹர்ட் அங்கேயே இருந்தார்." அவ்வளவு போதும். அடுத்து அந்தப் பாட்டைப் போட்டுவிட வேண்டும். (அந்த ஹோட்டல் அறை நான் கற்பனையில் சேர்த்தது என்று பின்னால் உறைத்தது. வெட்டிவிட்டேன். படி 5 இதற்குத்தான்.)

உச்சரிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கு மலைக்காரர்களுக்கு அது ஆப்ப"லாச்"சியா, "லேச்" என்றால் வெளியூர் என்று முத்திரை குத்திவிடுவார்கள். வர்ஜினியாவில் 1935 முதல் ஃபிடில் போட்டி நடக்கும் ஊரின் பெயர் கேலாக்ஸ், கலாக்ஸ் இல்லை. என் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை, ஆனால் கேலாக்ஸைத் தப்பாகச் சொன்ன அன்று மூன்று ஃபோன்.

முக்கியமான ஒன்று: ஃபிடில் ஆரம்பித்தபின் அதன் மேல் பேசாதீர்கள். முடியும்போதும் பேசாதீர்கள்.

படி 7: அசிங்கத்தை என்ன செய்வது

இந்தத் தட்டுகளில் கறுப்பரை இழிவுபடுத்தும் சொற்களும், முகத்தில் கரி பூசி ஆடிய மேடைக் கூத்துகளிலிருந்து வந்த பாட்டுகளும் நிறைய உண்டு. முழுப் பாட்டையும் வரி வரியாகக் கேட்காமல் எதையும் ஒலிபரப்பாதீர்கள், மூன்றாம் சரணத்தில் ஒளிந்திருக்கும். என் வழக்கம்: சொல் இழிவாக இருந்தால் பாட்டைப் போடுவதில்லை, அதே மெட்டைச் சொல் இல்லாமல் வாசித்த வேறு பதிவைத் தேடுவேன், மெட்டு எந்த மேடையிலிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்வேன். நடுவில் பீப் வைப்பது இரண்டும் கெட்டான் வேலை.

படி 8: உரிமை

அமெரிக்காவில் 2018 சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு நூறு வருடப் பாதுகாப்பு. 1923 தட்டுகள் 2024 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின, 1925 தட்டுகள் 2026 ஜனவரி 1 அன்று. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வருடத் தட்டு திறக்கும். பாட்டை எழுதியவர் உரிமை தனிக் கணக்கு. காற்றில் போகும் ரேடியோவுக்கு இங்கே ஒலிப்பதிவுக்காகக் காசு கட்ட வேண்டாம், பாடலாசிரியர் சங்கங்களுக்கு நிலையம் கட்டும். அதே நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாகப் போனால் வேறு விதி: மூன்று மணி நேரத்தில் ஒரே கலைஞரின் பாட்டு நான்குக்கு மேல் போகக்கூடாது, ஒரே ஆல்பத்திலிருந்து மூன்றுக்கு மேல் போகக்கூடாது. "முழுக்க கார்ட்டர் குடும்பம்" என்று நிகழ்ச்சி திட்டமிடும் முன் உங்கள் நிலைய மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். பாட்காஸ்ட்டாகப் போடுவது இந்த இரண்டிலும் சேராது, அதற்குத் தனி அனுமதி. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு, எனவே இந்தத் தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை அங்கே எப்போதோ முடிந்துவிட்டது.

படி 9: அறைக்குள்

பழைய தட்டில் கீழ் ஒலியும் கிடையாது, மேல் ஒலியும் கிடையாது, எல்லாம் நடுவில்தான். நல்ல மைக்கில் உங்கள் குரல் அதற்குப் பக்கத்தில் ராட்சசன்போல் கேட்கும். குரலின் பாஸைக் கொஞ்சம் குறையுங்கள், மீட்டரை நம்பாமல் காதால் அளவை ஒட்டவையுங்கள். காரில் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் நேயர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். மணி அடிக்கும்போது நிலையத்தின் அழைப்பெழுத்தும் ஊரும் சொல்வது சட்டம், அதற்கு இடம் விட்டுத்தான் கடைசிப் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைவசம் எப்போதும் குரல் இல்லாத சின்ன ஃபிடில் பதிவு ஒன்று இருக்கட்டும். நேரம் மிஞ்சினால் அது காப்பாற்றும், நேரம் குறைந்தால் எங்கே வேண்டுமானாலும் மெதுவாக இறக்கிவிடலாம். எனக்கு அந்தப் பதிவு பில் ஸ்டெப், 1937ல் கென்டக்கியில் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தது. அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் தன் பாலே இசைக்கு எடுத்துக்கொண்ட மெட்டு அதிலிருந்துதான், அதனால் கேட்டவுடன் "இது எங்கேயோ கேட்டதாச்சே" என்று யாராவது ஃபோன் செய்வார்கள். எடுத்துப் பேசுங்கள், அடுத்த நிகழ்ச்சிக்காரர் கதவைத் தட்டும்வரை.